இரண்டாம் கையெழுத்து

மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேன் முதல் கண்காணிப்பாளர் வரை எல்லாருக்கும் அவள் 'ரெண்டு கையெழுத்து'தான். முகத்துக்கு நேரே 'சிஸ்டர்' என்பார்கள். முதுகைத் திருப்பியதும் 'ரெண்டு கையெழுத்து வருது, பேனாவை எடு' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, பெயர் பொருத்தமாகத்தானே இருந்தது! இருபத்தொன்பது வருஷ நர்ஸ் வேலையில் இன்னொருவர் சாட்சி இல்லாமல் அவள் ஒரு காரியத்தை முடித்ததாகச் சரித்திரமே இல்லை. பதிவுத் திருமணத்துக்கு இரண்டு சாட்சி போதும் என்றார்கள். இவள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். ரெண்டு பேர் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாளாம். ஓட வேண்டியவன் நான்தான், நின்றுவிட்டேன் என்று எலெக்ட்ரீஷியனான அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அவள் இருந்தது வலி நிவாரணப் பிரிவில். இனிமேல் குணமாகாது என்று தெரிந்துவிட்ட நோயாளிகளின் வீட்டுக்கே போய், இருக்கும் வரை வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், கதவைத் தூக்கிச் சாத்த வேண்டிய ஒரு பழைய வேன், பிரிவே அவ்வளவுதான். டாக்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். நோயாளிகள் அவரை 'வலி டாக்டர்' என்றார்கள். வலியைக் கொடுக்கிறவர் என்று புதிதாக வந்தவர்கள் பயப்படுவதும் உண்டு.

அவர்களுடைய பெரிய ஆயுதம் மார்ஃபின். அது லேசில் கிடைக்கிற மருந்து இல்லை. இரட்டைப் பூட்டுப் பெட்டகத்தில் இருக்கும். ஒரு சாவி அவளிடம், மற்றது மருந்தாளரிடம். ஒவ்வொரு குப்பியிலும் ஓர் எண் ஒட்டியிருக்கும். நோயாளி வீட்டுக்குப் போய் மிச்சமாகித் திரும்புகிற குப்பியை இன்னொருவருக்குப் போடக் கூடாது. இருவரும் பக்கத்தில் நின்று, பீங்கான் தொட்டியில் உடைத்துக் கொட்டி, பதிவேட்டில் 'திரும்பியது' என்று எழுதி, இரண்டு கையெழுத்துப் போட வேண்டும். உடைத்த பிறகுதான் எழுதலாம். உடைக்காததை உடைத்ததாக எழுதினால் பொய், எழுதிவிட்டு உடைக்காமல் வைத்தால் திருட்டு என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு தையல்காரர் நோயாளியாக வந்து சேர்ந்தார். முதுகெலும்பில் புற்று. மனிதருக்கு வாய் மட்டும் கடைசி வரை ஓயவில்லை. வலி உச்சத்துக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் டாக்டர். ஒரே ஊசியில முடிச்சு விட்டுருங்க. நூலை அறுக்கிற வேலைதானே?" என்றார்.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "அதை நான் செய்ய மாட்டேங்க. சட்டமும் விடாது, என் மனசும் விடாது. ஆனா வலியை விட்டுவைக்க மாட்டேன். அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அப்போது அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் சொன்னபடியே மருந்துகளை மாற்றினார், நேரத்தை மாற்றினார், படுக்கையைக்கூடத் திருப்பிப் போட்டார். வியாழக்கிழமை, எதற்கும் இருக்கட்டும் என்று பத்துக் குப்பி கொண்ட புதுப் பெட்டி ஒன்றும் வந்தது. அது தேவைப்படவே இல்லை. வெள்ளிக்கிழமை தையல்காரர் எழுந்து உட்கார்ந்து, அவளுடைய சீருடையில் தொங்கிய பட்டனைப் பிடுங்கி இறுக்கித் தைத்துக் கொடுத்தார். சனிக்கிழமை காலை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர், அப்படியே போய்விட்டார்.

பெட்டியைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு அவள் திரும்பினாள். அங்கேதான் சனி பிடித்தது. மருந்தாளர் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு சாவியோடு வீட்டில் கிடந்தார். வேறு யாராக இருந்தாலும் கிடைத்த ஆளைக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கிக் கதையை முடித்திருப்பார்கள். இவளா முடிப்பாள்! பெட்டியை ஒரு தகர டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டி, தேதி போட்டு, தன் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் மருந்தாளருக்கு இடமும் விட்டு, நர்ஸ் அறையிலிருந்த தன் சொந்த அலமாரியில் பூட்டினாள். உடைக்கவில்லை, ஆகவே எழுதவும் இல்லை.

மருந்தாளர் ஊன்றுகோலோடு வேலைக்கு வர இருந்த நாளன்று, அவருக்கு முன்னால் போலீஸ் வந்தது.

வெளியூரில் வேலையாக இருந்த தையல்காரரின் மகன், தையல் மெஷினின் இழுப்பறையில் அப்பாவின் கடிதத்தைப் பார்த்திருக்கிறான். அந்தச் செவ்வாய்க்கிழமை எழுதியது. 'ஊசி போட்டு அனுப்பிவிடும்படி டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம்.' கேட்டதை எழுதியவர், டாக்டர் மறுத்ததை எழுதவில்லை. போலீஸ் பதிவேட்டைப் புரட்டியது. வியாழக்கிழமை பத்துக் குப்பி போயிருக்கிறது, சனிக்கிழமை ஆள் போய்விட்டார், 'திரும்பியது' என்ற இடம் காலி. உடலோ எரிந்து சாம்பலாகிவிட்டது. நோயாளியின் தற்கொலைக்கு உதவிய டாக்டர் என்று வழக்குப் பதிவாயிற்று. நிரூபணமானால் பத்து வருஷம். பெட்டகத்துக்கும் பதிவேட்டுக்கும் சீல் வைத்தார்கள்.

பத்துக் குப்பி கொண்டுபோனது உண்மையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உண்மை என்றாள். மேலே சொல்ல வாயெடுத்தபோது, பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் இருமினார். டப்பா விஷயத்தை அவரிடம் மட்டும் முன்பே சொல்லியிருந்தாள். பிறகு அவர் தனியாகக் கூப்பிட்டு, அந்த மருந்தைச் சொந்த அலமாரியில் வைத்திருந்தால் அவளும் உள்ளே போவாள், தானும் போக வேண்டியிருக்கும், டப்பா என்று ஒன்று இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். ஓய்வு பெற அவளுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. கணவரும் டப்பாவை ஆற்றில் போட்டுவிடச் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்றார். ஆற்றில் போடுவதற்கும் ரெண்டு சாட்சி வேண்டுமே என்றாள். அவர் சிரிக்கவில்லை.

அவள் பயந்தாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நடுநடுங்கிப் போனாள். வழக்குத் தானாகவே விழுந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதினான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. டாக்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஒரு தடவை கடைத்தெருவில் எதிரே வந்தவர், பத்துக் குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். இதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

அவளை அசைத்தது அதுகூட இல்லை. வழக்குக்குப் பிறகு அந்த மருத்துவமனையில் எந்த டாக்டரும் மார்ஃபின் எழுதத் துணியவில்லை. நமக்கு ஏன் வம்பு என்று எல்லாரும் காய்ச்சல் மாத்திரையை எழுதிவிட்டு நகர்ந்தார்கள். பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு பெண்மணி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த மனுஷி, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சீல் எடுத்துப் பல மாதமான பெட்டகத்தில் மருந்து இருந்தது. எழுத ஒரு கை இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்லப்போகிறேன், டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கணவரிடம் சொன்னாள். அவர் எழுந்து போய் அவளுடைய சீருடைக்கு இஸ்திரி போட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவளைச் சாட்சியாக அழைத்திருந்ததே அரசுத் தரப்புதான். பத்துக் குப்பி போனதை அவள் வாயால் வரவழைக்க வேண்டுமாம். அரசு வக்கீல் கேட்டார், பத்துக் குப்பி எடுத்துப் போனீர்களா? போனேன் என்றாள். திரும்பியதாகப் பதிவேட்டில் இருக்கிறதா? இல்லை என்றாள். மனிதர் விருந்து சாப்பிட்ட திருப்தியோடு உட்கார்ந்தார்.

டாக்டரின் வக்கீலிடம் காலையில் வராந்தாவில் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவர் எழுந்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

அவள் குனிந்து பையிலிருந்து தகர டப்பாவை எடுத்துச் சாட்சிக் கூண்டின் விளிம்பில் வைத்தாள். "பதிவேட்டுக்குத்தான் திரும்பி வரல சார். என்கிட்ட திரும்பி வந்துடுச்சு" என்றாள்.

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. எதிர்க் கூண்டில் நின்ற டாக்டர் ஓரடி முன்னால் வைத்தே விட்டார். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நீதிபதி அம்மா பிளாஸ்திரியைத் தானே கிழித்தார். பிரிக்காத பெட்டி. உள்ளே பத்துக் குப்பி, பத்து எண்கள். பதிவேட்டில் வியாழக்கிழமைக்கு நேரே எழுதியிருந்த அதே பத்து எண்கள். ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, அரசு வக்கீலின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. ஆனாலும் விடுவாரா? இந்த மருந்தைச் சொந்த அலமாரியில் வைத்திருப்பது குற்றம் என்று தெரியுமா என்று சீறினார்.

"தெரியும் சார். என் குத்தத்தை என் பேர்ல எழுதிக்கங்க. டாக்டர் பேர்ல எழுதாதீங்க."

பதினான்கு மாதம் ஏன் பேசவில்லை என்று நீதிபதி கேட்டார்.

"பயம்மா."

"இப்போ பயம் போயிடுச்சா?"

"இல்லம்மா, இருக்கு. ஆனா பன்னெண்டாம் கட்டில்ல ஒரு அம்மா வலியில துடிக்கிறாங்க. அவங்களுக்கு மருந்து எழுத வேண்டியவர் இங்க கூண்டுல நிக்கறாரு."

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. சாகக் கேட்ட நோயாளிக்கு டாக்டர் சாவைக் கொடுக்கவில்லை, வலியை மட்டுமே எடுத்திருக்கிறார், அது குற்றமல்ல, அவர் கடமை என்று நீதிபதி வாசித்தார். விடுதலை! வராந்தாவில் நோயாளிகளின் குடும்பங்கள் கைதட்டின. மறுநாளே டாக்டர் வேலையில் சேர்ந்தார். முதல் வேலையாகப் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போய் மருந்தை எழுதினார். அந்த அம்மா அன்று மத்தியானம் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிய தூக்கத்தை வார்டே நின்று பார்த்தது. 'ரெண்டு கையெழுத்து'க்கோ ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. கடிதத்தைக் கொடுத்த கிளார்க்கிடம், பெற்றுக்கொண்டதற்குச் சாட்சிக் கையெழுத்து எங்கே என்று கேட்டாள் பாருங்கள், அவளை என்ன செய்ய முடியும்!

பாக்கி இருந்தது அந்தப் பத்துக் குப்பிதான். அவற்றைப் பதிவேட்டோடு திருப்பி அனுப்பி, முறைப்படி அழித்துவிடக் கோர்ட் உத்தரவிட்டிருந்தது. மருந்தாளர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டாவது சாட்சியாக யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று உத்தரவில் இருந்தது. மருந்து அறை வாசலில் யாரோ நிற்பது தெரிந்து அவள் நிமிர்ந்தாள். தையல்காரரின் மகன். எத்தனை நேரமாக நின்றிருந்தானோ.

உள்ளே வரச் சொன்னாள். தொட்டிக்கு எதிரே நிற்க வைத்தாள். ஒவ்வொரு குப்பியாக எண்ணைச் சொல்லி உடைத்தாள். ஏழாவது குப்பியில் அவன் வாய் திறந்தான்.

"சிஸ்டர், கடைசியில அப்பாவுக்கு ரொம்ப வலியா?"

"இல்லப்பா. வலி இருந்திருந்தா இந்தப் பெட்டியைப் பிரிச்சிருப்பேன்."

அவன் அழுதான். அவள் காத்திருந்தாள். பத்தும் உடைந்தபின் பதிவேட்டைத் திருப்பி, பதினாறு மாதமாகக் காலியாக இருந்த இடத்தில் 'திரும்பியது' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு பேனாவை அவனிடம் நீட்டினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.