கப்பல் சாப்பாட்டுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு

நான் தைத்த கோட்டு ஒன்று இரண்டு தடவை கடல் தாண்டிப் போயிருக்கிறது. நான் போனதில்லை. மதுரைக்கு வடக்கே போனதே ஒரு தடவைதான், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு.

தென்காசியில் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டிக் கடைத்தெருவுக்குத் திரும்பும் இடத்தில் என் கடை இருந்தது. ஒரு மிஷின், ஒரு மேசை, துணி அடுக்க ஓர் அலமாரி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். எனக்கு ஆட்களோடு பேசுவது சிரமம். தையல்காரனுக்கு அது பெரிய குறை இல்லை. அளவெடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். தோள், கை, மார்பு என்று டேப்பைப் பார்த்தால் போதும்.

ஐம்பத்தேழு வாக்கில் ஒரு ஆனி மாதம், பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் கடைக்கு வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். ஊருக்கு வந்தால் ஜிப்பா எல்லாம் என்னிடம்தான் தைப்பார். அன்றைக்குக் கையில் வெள்ளை டிரில் துணியும், கப்பல் கம்பெனி அச்சடித்த ஒரு தாளும் வைத்திருந்தார்.

"இந்த மட்டம் கேபின் டிக்கெட்டு எடுத்திருக்கேன் வே" என்றார். அதுவரை அவர் கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துத்தான் போய்வந்து கொண்டிருந்தார். இப்போது கடையில் பங்குக்காரர் ஆகிவிட்டார்.

கேபின் ஆட்கள் சாப்பிடும் அறையை அவர் முன்னொரு பயணத்தில் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறார். வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், கோட்டுப் போட்ட ஆண்கள். இவர் கைலியோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்து ஒருவன் வந்து, போ என்று கையை ஆட்டினானாம்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல வே. கோழியப் பத்துத மாதிரி கைய ஆட்டுனான். அந்த ரூமுல ஒரு நாள் உக்காந்து சாப்பிடணும். அவ்வளவுதான் நமக்கு."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனாலும் அளவெடுத்து முடிப்பதற்குள் அந்தக் கையாட்டலை மூன்று தடவை செய்து காட்டிவிட்டார்.

தாளில் இருந்தது ஆங்கிலம். எதிர்ச் சாரியில் இருந்த ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். இரவுச் சாப்பாட்டுக்கு வரும் ஆண்கள் டின்னர் ஜாக்கெட் போட வேண்டும், வெப்பமான கடலில் வெள்ளை ஜாக்கெட் போடலாம், கால்சட்டை கறுப்பு, இல்லாவிட்டால் அவரவர் தேசிய உடையில் வரலாம் என்று வாத்தியார் சொன்னார்.

"பொறவு என்ன பாய், ஜிப்பாவும் தொப்பியுமா ஜம்முனு போயிருங்க. அதுவும் ரூல்ல இருக்கு."

"சார்வாள், கைலியோட நின்னதுக்குத்தான் வெரட்டுனான்."

"கைலி வேற, இது வேற பாய்."

"வெரட்டுனவனுக்கு எல்லாம் ஒண்ணுதான். அவனுவ என்னத்தப் போடுதானோ அதைப் போட்டுத்தான் நான் உள்ள போவேன்."

டின்னர் ஜாக்கெட்டை வாத்தியாரும் பார்த்ததில்லை. வக்கீல் கோட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் கோட்டு, மாப்பிள்ளைக் கோட்டு எல்லாம் நான் தைத்திருக்கிறேன். இது புதுசு. "சீசனுக்கு குத்தாலத்துல பெரிய பங்களாவுக்கு எஸ்டேட் துரைமார் வந்திருக்காங்க. ராத்திரி அவங்க கோட்டுப் போட்டுத்தான் சாப்பிடுவாங்களாம். போய்ப் பாத்துட்டு வாரும்" என்று வாத்தியார் யோசனை சொன்னார்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. பங்களா கேட்டுக்கு முன்னால் குடையோடு கால் மணி நேரம் நின்றேன். உள்ளே போய், ஐயா நீங்கள் சாப்பிடும்போது போடும் கோட்டைக் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? தோட்டக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "யாரு வேணும்?" என்றார். "யாருமில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பங்களாவுக்குப் பின்னால் ஒரு கூரைச் சாய்ப்பில் சலவைக்காரர் ஒருவர் துணிகளைப் பெட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு ஒதுங்கியதுபோல் அங்கே நின்றேன். அவருக்குப் பின்னால் கயிற்றில் மூன்று வெள்ளைக் கோட்டுகள் தொங்கின. மூன்றும் ஒரே வெட்டு. கழுத்தோடு மூடும் நிமிர்ந்த காலர், முன்னால் ஐந்து பட்டன் துளை. பித்தளைப் பட்டன்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். நான் தையல்காரன் என்று சொன்னேன்.

"இது எதுக்குப் போடுத கோட்டு அண்ணாச்சி?"

"பங்களாவுல ராத்திரி டின்னருக்குப் போடுதது. தெனம் மூணு வந்துரும். ஒரு சொட்டுக் குழம்பு பட்டிருந்தாலும் அந்த ஹெட் பட்லரு என் மேல வந்து விழுவான்."

போடுவது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கப்பல் தாளில் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்திவர வேண்டும் என்று இருக்கிறது. இங்கே மூன்றும் ஒரே மாதிரி தொங்குகின்றன. சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். அவருடைய அனுமதியோடு காலர் உயரம், தோள் வெட்டு, பட்டன் இடைவெளி எல்லாம் குறித்துக்கொண்டேன். பதிலுக்கு அவர் மகனுக்கு ஒரு சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கோட்டு நன்றாக வந்தது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பித்தளைப் பட்டன் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தேன். பாய் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கடைக்கு வெளியே போய் நின்றார். வெற்றிலைக்கடைக்காரர் எழுந்து சல்யூட் வைத்தார். "என்ன பாய், கப்பலயே நீங்கதான் ஓட்டப் போறீயளா?" என்று கேட்டார். பாய்க்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். வீட்டில் கோட்டைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, முள்கரண்டி பிடித்துப் பழகிப் பார்த்தாராம்.

"தலையக் குனிஞ்சா காலரு தொண்டையப் பிடிக்கி வே. ஒரு வாய் முழுங்க முடியல. இதப் போட்டுக்கிட்டு எப்படி வே சாப்பிடுதானுவ?"

"துரைமார் குனிய மாட்டாங்களோ என்னவோ" என்றேன். காலரை அரை அங்குலம் தளர்த்திக் கொடுத்தேன். நின்றுகொண்டிருக்கும் ஆளுக்கு வெட்டிய காலர் அது என்பது அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நிற்கும்போது ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. கையை முன்னால் நீட்டினால் தோள் பிடிக்கவே இல்லை. உட்கார்ந்தால்தான் தகராறு.

அவர் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், சொன்னபடி அந்தச் சட்டையைக் கொடுக்கக் குற்றாலம் போனேன். கொடுத்துவிட்டுப் பங்களா வழியாகத் திரும்பினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அன்றைக்கு வெயில் அடித்ததால் சன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே நீள மேசையைச் சுற்றிச் சட்டை மட்டும் போட்ட துரைமார் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் என் கோட்டு நின்றது. மூடிய காலர், ஐந்து பித்தளைப் பட்டன். கையில் தட்டு. இன்னொன்று அடுப்படிப் பக்கமிருந்து வந்தது. மூன்றாவது, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

பஸ்ஸுக்கு நிற்காமல் தென்காசிக்கு நடந்தே வந்தேன். நேராக பாய் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள் கிடந்தன. உறவுக்காரர்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். நடுவில் அவர் அந்தக் கோட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கிழவர் பட்டன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரும் வே! இவருதான் தைச்சவரு" என்று பாய் எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பட்டன் ஒண்ணு தளர்வா இருக்கோன்னு பாக்க வந்தேன்" என்றேன். பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. ஒரு தம்ளர் காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ரயிலுக்கும் போனேன். நாகப்பட்டினத்தில் கப்பல். வண்டி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். "பாய், அந்தக் கோட்டு..." என்று ஆரம்பித்தேன். "பெட்டியில மேலாக்க வச்சிருக்கேன் வே, கசங்காது" என்றார். வண்டி வந்தது. அவர் ஏறினார். நான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

அப்புறம் இரண்டரை வருஷம் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் வீட்டுச் சிறுவர்கள் சட்டை தைக்க வந்தால், வாப்பா கடுதாசி போட்டாரா என்று கேட்பேன். போட்டார் என்பார்கள். கோட்டைப் பற்றி எழுதியிருக்கிறாரா என்று கேட்க முடியுமா? வெட்டி மிஞ்சிய டிரில் துணியை மட்டும் அலமாரியில் வைத்திருந்தேன். வழக்கமாக மிஞ்சியதைத் துணிக்காரரிடமே கொடுத்துவிடுவேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பாய் கடைக்கு வந்தார். மத்தியானம். வேறு யாரும் இல்லை. கோட்டை மேசைமேல் வைத்தார்.

"எங்க பாத்து வே இதத் தைச்சீரு?"

சொன்னேன். பங்களா, சாரல், கயிற்றில் தொங்கிய மூன்று கோட்டு, எல்லாம். பிறகு பாய் தன் கதையைச் சொன்னார்.

முதல் நாள் மணி அடித்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கதவுக்குள் நின்ற தலைமைப் பரிசாரகர் ஒரு கோவாக்காரர். பாயை மேலும் கீழும் பார்த்து, தாமதமாக வந்ததற்குப் பல்லைக் கடித்துத் திட்டிவிட்டு, சூப்புத் தட்டுகள் அடுக்கிய ஒரு பலகையைக் கையில் கொடுத்தாராம்.

"நீங்க சொல்லலியா பாய், பிரயாணின்னு?"

"யார்ட்ட சொல்ல? பத்துப் பேரு இதே கோட்டுல தட்டத் தூக்கிட்டு நிக்கான். நான் மட்டும் பட்லரு இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்? ரெண்டு மேசைக்குக் கொண்டுபோயி வச்சேன் வே. மூணாவது மேசையில ஒரு வெள்ளைக்காரி தாங்க்ஸ்னா. அதோட பலகைய வச்சிட்டு கேபினுக்குப் போயிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் தெரிந்து அந்தக் கோவாக்காரர் கேபினுக்கே வந்து மன்னிப்புக் கேட்டாராம். ஜிப்பாவில் வாருங்கள், நானே நாற்காலி இழுத்துப் போடுகிறேன் என்றாராம். பாய் போகவில்லை. மீதி நாள் முழுக்க மீனும் ரொட்டியும் கேபினுக்கே வந்திருக்கிறது. கடைசி நாள் அந்த ஆள் ஒரு சாப்பாட்டு அட்டையின் பின்பக்கம் பென்சிலால் சரியான கோட்டை வரைந்து கொடுத்திருக்கிறார். பாய் அதைப் பையிலிருந்து எடுத்தார். திறந்த கழுத்து, வளைந்து இறங்கும் காலர், வயிற்றருகே ஒரே ஒரு பட்டன், உள்ளே சட்டைக் கழுத்தில் கறுப்பு வில் முடிச்சு.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்:

"ரயிலடிக்கு வந்து நின்னீரே, அப்பவே தெரியுமா ஒமக்கு?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"வீட்டுக்கு வந்தன்னைக்கும்?"

அதற்கும் ஆட்டினேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் நினைவில் இருந்திருக்காது.

"துணி நல்ல துணி. இத மாத்தித் தர முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன்.

காலரைப் பிரித்து எடுத்தேன். முன்பக்கம் இரண்டையும் வெளியே மடித்து வளைத்தேன். பழைய பட்டன் காஜா ஐந்தில் நான்கை மறைக்க மேலே துணி வைக்க வேண்டியிருந்தது. அலமாரித் துணி பழுப்பேறியிருந்தது. கோட்டோ சலவையில் வெளுத்திருந்தது. மூன்று தடவை துவைத்துக் காயவைத்த பிறகுதான் இரண்டும் ஒரே வெள்ளையாகின. முடிந்ததும் அவரைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னேன். குனியச் சொன்னேன். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னேன். "கழுத்தப் பிடிக்கா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். கையை முன்னால் நீட்டச் சொன்னேன். தோளில் கொஞ்சம் பிடித்தது. இனித் தட்டு நீட்ட வேண்டாமே என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இந்த முறை வெளியே போய் யாருக்கும் காட்டவில்லை. காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வழியனுப்ப நான் போகவில்லை. அறுபது பிறந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும் என்று ஞாபகம்.

ஐந்தாறு வாரத்தில் தபால்காரர் ஒரு கவர் கொடுத்தார். வெளிநாட்டுத் தபால்தலை. உள்ளே கப்பலின் சாப்பாட்டு அட்டை ஒன்று மட்டும் இருந்தது. முன்பக்கம் ஆங்கிலத்தில் வரிசையாகப் பதார்த்தங்கள். ஓரத்தில் மஞ்சளாக ஏதோ சிந்திய கறை. பின்பக்கம் பாயின் கையெழுத்தில் தமிழில் ஒரு வரி இருந்தது.

"உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிலும் உப்பு இல்லை."