முழங்கால் போட முடியாதவளின் ஜெபம்

கர்த்தருடைய பிள்ளைகளுக்கு என் அன்பின் ஸ்தோத்திரம். என் பெயர் எஸ்தர். சங்கரன்கோவிலில் நானும் என் வீட்டுக்காரரும் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறோம். போன வருடம் ஆடி மாதம் என் வலது கால் என்னைக் கைவிட்டது. இனி நடக்கவே மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நாட்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், தறிக்கு நடுவே அவசரமாகத் திரும்பும்போது கீழே கிடந்த கழிவு நூலில் பாதம் சிக்கிக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் டக்கென்று ஏதோ விட்டது. அத்தனை தறிச் சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது. சாயங்காலத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது.

எண்ணெய்க்கட்டுப் போடுகிறவரிடம் போனோம். இழுத்துக் கட்டிவிட்டார். கட்டைப் பிரித்த பிறகும் காலை மடக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ மாட்டியது. வேலைக்குப் போகாமல் முடியுமா? வலது காலுக்குப் பாரம் கொடுக்காமல் இடது பக்கமாகவே சாய்ந்து நின்று தறி ஓட்டினேன். கொஞ்ச நாளில் இடுப்பும் பிடித்துக்கொண்டது. ஒரு காலைக் காப்பாற்றப் போய் முழு உடம்பும் கோணிப்போனது.

கக்கூஸில் குத்தவைக்க முடியவில்லை. வீட்டுக்காரர் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். அவர் பாசத்தோடுதான் செய்தார். நான் அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். இந்த வயதிலேயே எனக்கு இந்தக் கதியா? அதிலிருந்து நாற்காலி என்றாலே எனக்கு ஆகாது.

எங்கள் சபையில் எல்லோரும் பாயில்தான் உட்காருவோம். ஜெபம் என்றால் முழங்கால்தான். பெண்கள் கூட்டத்தில் அதிக நேரம் முழங்காலில் நிற்கிறவள் என்று எனக்குப் பேர் உண்டு. சத்தமும் அதற்குத் தகுந்த சத்தம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக் கோமதியக்காவுக்கும் நடுவே ஒரே சுவர். "ஏட்டி, ஒன் சாமிக்குக் காது கேக்காதா? காலங்காத்தால ஊரையே எழுப்புத!" என்று தினமும் திட்டுவாள்.

அந்த நிலைமையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? உபவாசம் எடுத்தேன். வலிக்க வலிக்க முழங்காலில் நின்றால் ஆண்டவர் சீக்கிரம் இரங்குவார் என்று நினைத்தேன். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். நம் சனங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று காலை. வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். முழங்கால் போட்டவுடனேயே முட்டி பூட்டுப் போட்டதுபோல் மாட்டிக்கொண்டது. எழும்பப் பார்த்தேன். நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. மல்லாந்து விழுந்தேன். போன் அடுப்பங்கரையில் கிடந்தது. கத்தலாமென்றால் சாப்பிடாத உடம்பு, தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். என்னைச் சுமக்கிற மனுஷனும் ஒருநாள் அலுத்துப்போவார், இந்த உயிர் எதற்கு என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்.

அப்புறம் வாய்க்குள்ளேயே சொன்னேன்: "ஆண்டவரே, முழங்கால் போட முடியல. படுத்துக்கிட்டுதான் கேக்கேன். கோவிச்சுக்காதீரும். யாரையாவது அனுப்பும்."

கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. "ஏட்டி எஸ்தரு, என்னட்டி இன்னைக்கு ஒன் சத்தத்தையே காணும்?" கோமதியக்கா.

தபசுக்குக் கோயிலைச் சுற்றுவதாக அவளுக்கு நேர்ச்சை. குளித்து, செருப்பில்லாமல் தெருவில் இறங்கிவிட்டாளாம். சுவருக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லையே என்று மனசு கேட்காமல் திரும்பியிருக்கிறாள். சத்தமாக ஜெபித்த நாளெல்லாம் என்னைத் திட்டியவளை, சத்தமே வராத ஜெபத்துக்கு ஆண்டவர் அனுப்பினார். இதை எப்போது சொன்னாலும் எனக்குக் கண் கலங்கும்.

தெருவெல்லாம் தபசுக் கூட்டம். ஆட்டோக்காரர் உள்ளே வர மாட்டேன் என்றார். அக்கா சண்டை போட்டுக் கூட்டிவந்தாள். வீட்டுக்காரருக்கும் போன் போட்டாள். திருநெல்வேலியில் எலும்பு டாக்டர் ஸ்கேன் பார்த்தார். முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கிற சவ்வு கிழிந்து, கிழிந்த துண்டு நடுவில் மாட்டியிருக்கிறதாம். முதலிலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார். சின்னத் துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள்.

பிறகு டாக்டர் எனக்குச் சொன்னது: குத்தவைக்கக் கூடாது, சம்மணம் கூடாது, முழங்கால் போடக் கூடாது. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார வேண்டும். நிற்கும்போது இரண்டு காலுக்கும் பாரத்தைச் சமமாகக் கொடுக்க வேண்டும்.

"அப்ப நான் எப்படி டாக்டர் ஜெபம் பண்ணுவேன்?" என்று அழுதேன். பக்கத்தில் நின்ற கோமதியக்காதான் சொன்னாள்: "அன்னைக்கு மல்லாந்து கெடந்துதானட்டி கேட்ட? ஆளு வந்துச்சுல்லா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஸ்தோத்திரம் சொன்னேன்.

சபைக்குத் திரும்பிப் போன முதல் ஞாயிறு, வீட்டுக்காரர் ஒரு புது நாற்காலியைச் சுமந்து வந்து பின்சுவரோரம் போட்டார். வெட்கத்தில் தலை குனிந்தேன். முதுகை நிமிர்த்தி உட்காரச் சொன்னது ஞாபகம் வந்து நிமிர்ந்தேன். அடுத்த வாரம் என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதற்கடுத்து மேலும் இரண்டு. வலி என்று சொன்னால் விசுவாசம் குறைவு என்பார்களோ என்று மறைத்து வைத்திருந்த அம்மாமார்கள். இன்று பின்வரிசை முழுக்க நாற்காலிதான். பாஸ்டர் ஐயாவே எடுத்துப் போடுகிறார்.

இப்போது நடக்கிறேன். நேராக நின்று தறி ஓட்டுகிறேன். பிரியமானவர்களே, வலியை மறைக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள், அதுவும் ஆண்டவர் திறக்கிற வாசல்தான். கிடக்கிற நிலையிலேயே கேளுங்கள். நிச்சயம் ஆள் வரும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என் சத்தம் இன்னும் கூடிவிட்டது என்று கோமதியக்கா திட்டுகிறாள். ஆனால் காலையில் நான் கொஞ்சம் தாமதித்தால் போதும், சுவரைத் தட்டுகிறாள். "இருக்கேன்க்கா, ஸ்தோத்திரம்!" என்று நான் குரல் கொடுத்த பிறகுதான் அவள் தன் வேலையைப் பார்க்கப் போகிறாள்.