பக்கத்து ஆய்வகத்தில் என் செல்கள்

எங்கள் ஆய்வகம் இருக்கும் மாடியில் சாப்பாட்டுக்கென்று ஒரு ஃபிரிட்ஜ் உண்டு. திறந்தால் பால் டப்பாவில் ஒரு பெயர், வெண்ணெயில் ஒரு பெயர், பாதி கடித்துச் சுருட்டி வைத்த சாண்ட்விச்சில்கூட ஒரு பெயர். அமெரிக்காவின் வடக்கே, பாதி வருஷம் பனிக்கடியில் கிடக்கும் இந்த ஊருக்கு நான் வந்த புதிதில், காபிக்குப் பால் இல்லையென்று யாருடைய டப்பாவிலிருந்தோ கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். மறுநாள் அந்த டப்பாவின் மேல் ஒரு மஞ்சள் சீட்டு: "இது என்னுடையது. நன்றி." நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நன்றிதான் சுருக்கென்று தைத்தது.

நான் திண்டிவனத்துக்காரி. பிளஸ் டூ படித்த காலத்தில் காலை பாசஞ்சரில் விழுப்புரம் போய்வந்தவள். மூன்று பேர் உட்காரும் பலகையில் ஐந்து பேர் இருப்போம். "கொஞ்சம் தள்ளி குந்துமா" என்பதுதான் அங்கே அனுமதி கேட்கும் முறை. கேட்டு முடிப்பதற்குள் உட்கார்ந்தும் விடுவார்கள். எதிரே இருப்பவர் மடியில் என் புத்தகப்பை இருக்கும், என் மடியில் யாரோ ஒருவரின் குழந்தை இருக்கும். உயிரியல் பாடத்தில் செல் பிரிதலை நான் மனப்பாடம் செய்தது அப்படித்தான், முழங்கையை அசைக்க இடமில்லாமல். அங்கே எதிலும் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இங்கே நான் படிப்பது செல் மற்றும் மூலக்கூறு உயிரியல். இளங்கலையும் முதுகலையும் ஒன்றாகச் சேர்ந்த ஐந்து வருஷப் படிப்பு. கேட்பதற்கு ஒரே ரயில் மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் இழுத்து நிறுத்த ஒரு சங்கிலி உண்டு. நான்காம் வருஷக் கடைசியில் துறையின் குழு உட்காரும். சொந்தமாக ஓர் ஆராய்ச்சி கையில் இருந்தால் ஐந்தாம் வருஷத்துக்குப் போகலாம், உதவித்தொகையும் தொடரும். இல்லையென்றால் இளங்கலைப் பட்டத்தைக் கையில் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு அந்த இரண்டாவது வழிதான் பிடித்திருந்தது. "டிகிரி வந்துட்சுன்னா வந்துட வேண்டிதுதானடி? அஞ்சாவது வருஷம் இன்னாத்துக்கு? சொந்தக்காரங்கல்லாம் எப்ப வர்றா, எப்ப வர்றான்னு கேட்டுக்கினே கீறாங்க." நான் பிடிவாதக்காரி என்று வீட்டில் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவது என்று நானும் முடிவுசெய்திருந்தேன். பாதியில் இறங்கிக்கொள்ளவா இத்தனை தூரம் வந்தேன்?

என் ஆராய்ச்சி எலியின் தசைச் செல்களைப் பற்றியது. அதில் ஒரு மரபணுவை மாற்றி, மாறிய ஒற்றைச் செல்லைப் பிரித்தெடுத்து, அதைப் பெருக்கி ஒரு வம்சமாக்க வேண்டும். நாலைந்து முறை தோற்ற பிறகே எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனி மாற்ற வேண்டும். நெருக்கமாக வளரவிட்டால் ஒன்றோடொன்று இணைந்து தசை இழையாகிவிடும், அதன்பின் பெருகாது. அதனால் நிறைவதற்கு முன்பே கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவுக்கு இதை விளக்கப்போய், "தயிருக்கு உறை ஊத்தறல்ல, அந்த மாதிரிம்மா. தெனமும் கொஞ்சம் எடுத்து வச்சாத்தான் மறுநாளுக்கு" என்றேன். "இத்தப் படிக்கவா அவ்ளோ தூரம் போன?" என்றாள்.

பக்கத்து ஆய்வகத்தில் ஹன்னா என்று ஒரு பெண் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் வந்து, "உன் செல்களில் கொஞ்சம் கிடைக்குமா? என் சோதனையில் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்" என்று கேட்டாள். நாலரை மணிக்கே வெளியே கும்மிருட்டு. விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுக்கக்கூடாது என்பார்கள் எங்கள் தெருவில். ஒரு நிமிஷம் அது நினைவுக்கு வந்து கை தயங்கியது நிஜம். பிறகு என்னையே நான் கிண்டல் செய்துகொண்டு ஒரு குடுவை நிறையக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. உறைமோர் கேட்டு வந்தவளை நிற்க வைத்துவிட்டு, வீட்டுக்காரரிடம் போய் உத்தரவு வாங்கிவரும் பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

ஒரு வாரத்தில் விஷயம் என் பேராசிரியர் காதுக்குப் போனது. அவர் பெயர் டேவிட். எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர் விருப்பம். இன்றுவரை எனக்கு அது நாக்கில் வழுக்குகிறது. குரலை உயர்த்தாமல் கேட்டார். "இன்னும் வெளியிடாத செல் வம்சம் இது. ஆய்வகத்தைவிட்டு வெளியே போக என் சம்மதம் வேண்டும். தெரியாதா?" தெரியாது என்றேன். "அவர்களிடம் சொல்லி அழிக்கச் சொல்லிவிடு." அவ்வளவுதான். சத்தமில்லாத கோபம் எனக்கு இன்னும் பழகவில்லை.

கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மேல். இருந்தும் போனேன். ஹன்னாவிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி சுற்றிவளைத்தேன். "உனக்கே ஏகப்பட்ட வேலை. என் செல்களையும் பார்த்துக்கொள்வது உனக்குக் கஷ்டமாக இருக்குமே?" திண்டிவனத்தில் எந்தப் பெண்ணிடம் இப்படிச் சொன்னாலும், "ஓ, திருப்பிக் கேக்கறா" என்று அந்த நிமிஷமே புரிந்துகொண்டிருப்பாள். ஹன்னா சிரித்துக்கொண்டே, "கவலைப்படாதே" என்றாள். புரிந்துகொண்டாள் என்று நிம்மதியாகத் திரும்பினேன். டேவிட்டிடமும் பேசிவிட்டதாகச் சொன்னேன்.

குழு உட்கார ஆறு வாரம் இருக்கும்போது செல்களை வளர்க்கும் எங்கள் இன்குபேட்டரில் பூஞ்சை புகுந்தது. காலையில் கண்ணாடிக் கதவைத் திறந்தபோது என் குடுவைகளில் வெள்ளைப் பஞ்சு மிதந்தது. உள்ளே இருந்த எல்லோருடைய செல்களையும் ப்ளீச் ஊற்றிக் கொன்றோம். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று குப்பிகளை உறைநிலையில் வைத்திருந்தேன். உருக்கிப் பார்த்ததில் ஒரு செல்கூடக் குடுவையின் அடியில் ஒட்டவில்லை. தசைச் செல் ஒட்டினால்தான் உயிர். மிதந்தால் பிணம். முதலிலிருந்து செய்ய எட்டு மாதம் ஆகும், என்னிடம் இருந்ததோ ஆறு வாரம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை அதுவரை வசனமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

நடைபாதையில் நின்று அழுதேன். மறைக்கவும் இல்லை. அந்த வழியே வந்த ஹன்னா பதறி என்னவென்று கேட்டாள். எல்லாம் செத்துவிட்டது என்றேன்.

"எல்லாமா? என்னிடம் இருக்கிறதே!"

"நீ அழித்திருப்பாயே?"

"ஏன் அழிக்க வேண்டும்? நீதானே வந்து, பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாய்? வாரம் இரண்டு முறை புதுக் குடுவைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்றாள். அவள் முகத்தில் குழப்பம். நான் அவளைக் கட்டிக்கொண்டதும் குழப்பம் இன்னும் அதிகமானது.

ஆனால் அந்தச் செல்கள் இருக்கவே கூடாதவை. எடுத்து வந்து ஒன்றும் தெரியாததுபோல வேலையைத் தொடர்ந்திருக்கலாம். என் குணத்துக்கு அது ஒத்துவராது. நேராக டேவிட்டின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வேறோர் ஆய்வகத்தில் இத்தனை நாள் வளர்ந்தது, அது என்னுடையதுதான் என்பதற்கு என்ன நிச்சயம், வேறு செல் கலந்திருந்தால் என்ன செய்வது, குழுவின் முன்னால் இதை எப்படி வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

ஆசிரியர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றே வளர்ந்தவள் நான். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்கள் சொல்வது எல்லாம் சரி. அதனால் நம்ப வேண்டாம். சோதித்துப் பார்க்கலாம். டிஎன்ஏ வரிசையைப் படிக்கிறேன், கிருமி இருக்கிறதா பார்க்கிறேன். ஒன்று பொருந்தாவிட்டாலும் நானே கொட்டிவிடுகிறேன். ஆனால் சோதிக்காமல் கொட்ட மாட்டேன்" என்றேன். சுற்றிவளைக்காமல் நான் பேசிய முதல் ஆங்கிலம் அதுவாகத்தான் இருக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? டேவிட் தலையாட்டினார். "சரி. அதுவரை அது தனி இன்குபேட்டரில் இருக்கட்டும். ஹன்னாவின் பேராசிரியரிடம் நான் பேசுகிறேன்" என்றார்.

சோதனை முடிவுகள் வந்தன. கிருமி இல்லை. நான் மாற்றிய இடத்தில், நான் மாற்றிய எழுத்துகள் அப்படியே இருந்தன. என் பிள்ளைகள்தான். மீதி நாட்களில் சோறு தண்ணீர் பார்க்காமல் வேலை செய்தேன். குழுவில் ஒருவர் செல்கள் இடம் மாறிய கதையைத் துருவித் துருவிக் கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஐந்தாம் வருஷம் கிடைத்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து வாசல் தெளித்துக்கொண்டிருக்கும் நேரம். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். கேட்டவளுக்கு இல்லன்னு சொல்லாம குடுத்தல்ல, அதான் வந்து நின்னுது" என்றாள். உடனே அடுத்த பேச்சு: "அப்ப இந்த வருஷமும் வரமாட்ட."

"முடிச்சிட்டு வர்றேம்மா."

"முடிச்சிட்டு அங்கியே வேலைன்னுவ. எனக்குத் தெரியாதா?" கோபமில்லை, கணக்கு முடித்த குரல். இங்கேயே தங்கிவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

அவளே பேச்சை மாற்றினாள். "தோ பாரு, அப்பா வல்லத்து நெலத்துல மல்லாட்ட புடுங்கிட்டாரு. மூட்ட வைக்க எடமே இல்ல. சும்மாத்தான கெடக்குது, உன் ரூம்ல அடுக்கிக்கட்டுமான்னு கேக்கறாரு."

நாலு வருஷமாக அந்த அறையில் யாரும் இல்லை. அது சும்மா கிடக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதும் இல்லை. என் அறைக்குள் வர அப்பா என்னிடம் அனுமதி கேட்கிறார்.

"அடுக்கிக்கச் சொல்லும்மா" என்றேன். "கட்டில மட்டும் எடுத்துடாதீங்க."

"எவடி இவ! கட்டில எடுப்பாங்களா? சுத்தியும் அடுக்கிட்டு, நீ வந்தா படுக்க வழி விட்டு வைக்கிறோம்."

போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. செல்களுக்குத் தீனி மாற்றும் நாள் அது. திண்டிவனத்தில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே எனக்கென்று ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு வழி விட்டுக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் பனியில் ஆய்வகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன்.