மே பதினான்கு: மழை இல்லை

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த விடுதியின் மொட்டை மாடியில் பச்சையம்மாள் துவைத்த விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். 2003 மே மாதம். கல்லூரி விடுமுறையில் இருந்த மகள் ஆர்த்தி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம ஊர்ல மே பதினாலாம் தேதி எந்தெந்த வருஷம் எப்படி இருந்துச்சுனு போட்டிருக்கான். தொண்ணூத்தி ஒண்ணுல நல்ல மழையாம். தொண்ணூத்தி எட்டுல வெயில் தாங்கலையாம். ரெண்டாயிரத்துல தூறல்."

கேட்கும்போதே பச்சையம்மாளின் கை நின்றுவிட்டது. "தொண்ணூத்தி நாலு?"

ஆர்த்தி அந்த வரியைத் தேடிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தாளை மடிக்கப் போனாள்.

"படிடி."

"மழை இல்லை. வறண்ட வானிலை."

பச்சையம்மாள் கையிலிருந்த ஈர விரிப்பைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்தாள்.

1994 மே பதினான்காம் தேதி சாயங்காலம் இதே மாடியில்தான் அவள் நின்றாள். மலை உச்சி தெரியாமல் இருட்டிக்கொண்டு வந்தது. விரிப்புகளைப் பாதிகூட எடுக்கவில்லை, வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அவளை அழைத்துப்போக வந்திருந்த கணவன் சகாதேவனும் நனைந்துகொண்டே ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தான். அவன் பம்பு செட்டு மெக்கானிக். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கிராமத்தில் வீடு. மழை விட்டதும், "நீ ராத்திரி இங்கியே படுத்துக்க. கொழந்த ஊர்ல உன் தம்பி ஊட்டுல இருக்குது, ராத்திரி தேடும், நான் போறேன்" என்று சொல்லி மொபெட்டை எடுத்தான். ஊருக்கு முன்னால் ஓடையின் குறுக்கே தரைப்பாலம். கிராமத்தில் அன்று சொட்டு மழை கிடையாது. மேற்கே பெய்தது அத்தனையும் ஓடையில் இறங்கி வந்திருந்தது. பாலத்தின் ஓரம் எங்கே என்று காட்ட ஒரு கல்லும் இல்லை. முந்தைய மழையிலேயே பெயர்ந்து விழுந்த கற்களைப் பாலம் கட்டிய காண்ட்ராக்டர் திரும்ப நடவே இல்லை. மறுநாள் காலையில் சகாதேவனைக் கீழ்க்கரை முள்ளில் இருந்து எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "பதினாலாம் தேதி டவுன்ல மழையே இல்லைனு ரெக்கார்டு சொல்லுதும்மா. அப்புறம் வெள்ளம் எங்கிருந்து வந்துச்சு?"

"நான் நனைஞ்சேன் சார். டவுன்ல யாரை வேணா கேளுங்க!"

"பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவ."

அவர் டவுனில் யாரையும் கேட்கவில்லை. சகாதேவனின் தம்பி காசியைக் கேட்டார். காசி அந்தக் காண்ட்ராக்டரிடம்தான் மேஸ்திரியாக இருந்தான். முள்ளில் இருந்து எடுத்தபோது அண்ணன் மேல் சாராய வாசனை அடித்தது என்று அவன் சொன்னான். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் போதை பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் முடிவு எழுதப்பட்டது: மதுபோதையில் நிலைதடுமாறி, ஓடைப் பள்ளத்தில் தேங்கியிருந்த நீரில் விழுந்து இறந்தார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சாராயம் தொடாத மனிதன். பள்ளிக்கூடத்தில் ஆர்த்தியைக் 'குடிகாரன் பொண்ணு' என்று பிள்ளைகள் கூப்பிட்டபோது, பச்சையம்மாள் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு டவுனுக்கே வந்துவிட்டாள்.

இப்போது அதே பொய்யை ஊரே காப்பி குடித்துக்கொண்டு படிக்கிறது.

ஈரப் புடவையோடு அவள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். "மழை அளக்குற ஆபீஸ்ல குடுத்ததை நாங்க போட்டோம்" என்றார்கள். அந்த ஆபீசுக்குப் போனாள். மழைக்கணக்குப் பார்க்கும் எழுத்தர் ராஜமாணிக்கம் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். முதலில் தலை நிமிரவில்லை. அவள் நகர்கிற வழியாக இல்லை என்று தெரிந்ததும் பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

"பாரும்மா, பதினாலுல ஒண்ணும் இல்லை. பதினஞ்சுல இருக்கு. நல்ல மழைதான்."

"பதினஞ்சா? மழை பெஞ்சது பதினாலு சாயங்காலம்."

"ஆமா. நாங்க காலைல எட்டரைக்குத்தான் அளப்போம். முந்தின நாள் எட்டரைக்கு அப்புறம் பெஞ்சதெல்லாம் அளக்குற தேதியிலதான் ஏறும். அது எங்க முறைம்மா. ரொம்ப நாளா அப்படித்தான்."

பல் துலக்குவது எப்படி என்று சொல்வதைப் போல அவர் சொன்னார்.

"இது விசாரணைக்கு வந்த அதிகாரிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும்."

"உங்களுக்கு?"

"என்னை யாரும் கேக்கலையேம்மா."

"கேக்கலைன்னா சொல்ல மாட்டீங்களா? அடுத்த வரியப் பாருங்க சார்னு சொல்ல வாய் வலிக்குதா? ஒரு வரிக்குக் கீழ ஒரு வரி! அதைப் படிக்க சோம்பல்பட்டுக்கினு எம்புருஷனைக் குடிகாரனாக்கிட்டீங்க!"

பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றன. ராஜமாணிக்கம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். மனு எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு நாளில் சான்றிட்ட நகல் கொடுத்தார்.

நகலை எடுத்துக்கொண்டு அவள் நேரே காசியின் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவனே சின்னக் காண்ட்ராக்டர்.

"வாங்க அண்ணி, உக்காருங்க."

"உக்கார வரல. உங்க அண்ணன் மேல சாராய வாசனை அடிச்சுதா?"

காசி துணியை மடித்தான். "இப்ப எதுக்கு அதெல்லாம்? செத்தவன் திரும்பியா வரப்போறான்?"

"அடிச்சுதா, இல்லையா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி ஆதிலட்சுமி எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்த்ததும் காசியின் குரல் இறங்கியது. "ஒரு வார்த்த சொல்லச் சொன்னாங்க. பாலத்து மேல கேள்வி வந்தா அத்தன பேருக்கும் வேல போயிடும்னாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்குது அண்ணி."

"எம்பொண்ணு யார் புள்ள? ரோட்டுல கெடந்துச்சா?" பச்சையம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். "உன் வேலைக்கு உங்க அண்ணன் பேரைத் துன்னுட்ட. இப்ப எங்கிட்ட சொன்னதை எழுதிக் குடு. இல்லைன்னா நாளைக்குக் காலைல இருந்து இந்த வாசல்லதான் நிப்பேன். போறவன் வரவன் எல்லார்கிட்டயும் நானே சொல்லுவேன்."

அவன் எழுதிக் கொடுக்கத் தயங்கினான். அவன் கையில் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தவள் ஆதிலட்சுமி. "எழுதித் தொலை" என்றாள்.

அதன் பிறகு திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்து மனுநீதி நாள் வரிசையில் பச்சையம்மாள் நின்றாள். ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பினார். அவர் கோப்பு கிடைக்கவில்லை என்றார். "கெடைக்காதா? எம்புருஷன் செத்ததும் கெடைக்காம போச்சா?" என்று அவள் போட்ட சத்தத்தில் கோப்பு கிடைத்தது. பத்திரிகையில் மூலையில் ஒரு திருத்தம் வந்தது. பொங்கலுக்கு முன் உத்தரவும் வந்தது. 'மதுபோதையில்' என்ற சொல் நீக்கப்படுகிறது. தரைப்பாலத்தைக் கடக்கையில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார் என்று கொள்ளப்படும். பாலத்தில் கல் இல்லாதது பற்றி ஒரு வார்த்தை இல்லை. தவறு யாருடையது என்றும் இல்லை.

ஜனவரி இருபத்தாறு கிராம சபைக் கூட்டத்தில் ஆர்த்தி அதை உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும், முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார்: "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானம்மா. சகாதேவன் குடிக்கிற ஆளா?"

பச்சையம்மாள் எழுந்தாள்.

"தெரிஞ்சுதா? தெரிஞ்சுக்கினேவா எம்பொண்ணைப் பள்ளிக்கூடத்துல அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட விட்டீங்க? தெரியாம இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைவர் அடுத்த பொருளுக்குப் போகப் பார்த்தார். "இருங்க" என்றாள் பச்சையம்மாள். "பாலத்துக்குக் கல்லு நடணும்னு முதல்ல எழுதுங்க. எழுதிட்டு அப்புறம் போங்க."

எழுதினார்கள். அவள் பக்கத்தில் நின்று ஆர்த்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். 'ஆவன செய்யப்படும்' என்று முடிந்திருந்ததை அடிக்கச் சொல்லி, எந்த மாதத்துக்குள் என்று போட வைத்த பிறகுதான் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.