கொச்சங்காடித் தங்கமும் என் சுண்டுவிரல் நகமும்

புதையல் படம் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு அது தெரிந்த சங்கதிதான். காலைக்காட்சியில் தமிழ் பேசிய வெள்ளைக்காரக் குதிரைவீரர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். செம்பாறை மலை, வற்றிய ஆறு, கிழிந்த வரைபடம், ஓடையில் உட்கார்ந்து மண் அலசும் ஒரு தாடிக்காரர். தட்டைச் சுழற்றிச் சுழற்றி, கடைசியில் அதைச் சூரியனுக்கு நேராகத் தூக்குவார். ஒரு பொட்டு மின்னும். அந்த மினுக்கத்துக்காகவே எத்தனை படம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

போன கார்த்திகையில் ஒரு நாள், திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் டீ நேரத்தில் அப்படியொரு காட்சியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் குமார் எட்டிப் பார்த்தார். "இதுக்கா சார் வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கீங்க? மட்டாஞ்சேரில எங்கக்கா தெனமும் இதத்தான செய்யுது!"

நகைப்பட்டறைகளின் தரையில் தங்கத்தூள் சிந்திக்கொண்டே இருக்கும். அந்தக் குப்பையையும் மண்ணையும் விலைக்கு வாங்கி, அரிசியில் கல் அரிப்பதுபோல அரித்துத் தங்கம் எடுக்கிறார்கள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டேன்.

திருப்பூரில் அதிகாலை 4.30க்கு ரயில், ஸ்லீப்பர் 190 ரூபாய். 9.40க்கு எர்ணாகுளம் தெற்கு. அங்கிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ 50 ரூபாய். ஃபோர்ட் கொச்சிக்குப் படகு வெறும் ஆறு ரூபாய், இருபது நிமிடம். லேசான தூறல். காயல் முழுக்க ஈயம் பூசியது போலிருந்தது. கண்ணைப் பாதி மூடினேன். அக்கரைக் கிடங்குகளின் ஓட்டுக்கூரைகள் செம்பாறை மலைகளாகிவிட்டன. என்ஜின் சத்தம் குளம்படியானது. இறங்கச் சொல்லிப் படகுக்காரர் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

மட்டாஞ்சேரியின் கொச்சங்காடிக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ 80 ரூபாய். "தமிழ்க்காரங்க வீடாணோ? மண்ணு அரிக்குந்ந செல்விச்சேச்சி?" என்றார் ஓட்டுநர். ஆமாம் என்றேன். "அவ்விட சூக்ஷிச்சு, பாத்து நடக்கணும் சாரே. செருப்பில ஒட்டின பொடியும் அவங்களுக்கு சொத்தாணு," என்று சிரித்தார். சுக்கு வாசம் அடிக்கும் ஒரு கிடங்குச் சந்தில் இறக்கிவிட்டார்.

குமாரின் அக்கா செல்வியும் அவர் கணவர் பாண்டியண்ணனும் சேலம் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடமாகிறது. முற்றத்தில் ஒரு பெரிய தார்ப்பாய், அதன் ஓரங்கள் செங்கல் வைத்து உயர்த்தப்பட்டிருந்தன. நடுவே ஒரு சிமெண்ட் தொட்டி. தொட்டிக்குள் கையைவிட்டு அக்கா மரத்தட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் இரண்டு காதிலும் வேப்பங்குச்சி.

"தோடு எங்கேக்கா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அது தரைக்குப் போயிருச்சு தம்பி. சாயா குடிக்கிறீங்களா?"

பாண்டியண்ணன் விளக்கினார். பக்கத்தில் ஒரு பழைய நகைப்பட்டறை காலியானது. அதன் தரையையே பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமையாளர் சொல்ல, அக்கா தோட்டை விற்று அந்தத் தரையை வாங்கியிருக்கிறார். மூன்று மூட்டை மண். இரண்டு மூட்டையை நான்கு நாளாக அரித்ததில் மிஞ்சியது, அந்தத் தட்டிலிருந்த ஒரு கைப்பிடிக் கருமணல். "இதுலதான் இருக்கு இவ காது," என்றார்.

நான் ஆசையாக என் படக்காட்சியைக் காட்டினேன். அக்கா கை துடைத்துக்கொண்டு கவனமாகப் பார்த்தார். "என்ன இந்தாளு ஆத்துல போயிக் கழுவுறான்? போனது போயிருமே! கூறுகெட்ட மனுசன்."

அந்தத் தாடிக்காரரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. ஒரே ஒரு சுற்று நான் ஆட்டிப் பார்க்கட்டுமா என்று கெஞ்சினேன். தயங்கித் தட்டைக் கொடுத்தார். கை தானாகச் சுழன்றது. முப்பது வருடம் பார்த்த கையசைவு ஆயிற்றே. தூறல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. அப்போது நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தட்டைத் தொட்டிக்கு வெளியே எடுத்து, சூரியனுக்கு நேராகத் தூக்கினேன். ஈரக் கை வழுக்கியது. அந்தக் கருமணலெல்லாம் என் சட்டையிலும் பேன்ட்டிலும் காலிலும் தார்ப்பாயிலும்.

எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா முகம் வெளுத்தது ஒரு கணம்தான். "அசையாதீங்க," என்றார். "அப்படியே நில்லுங்க தம்பி. ஒண்ணும் போகல. நீங்க நிக்கிறதும் நம்ம பாய்லதான்."

என்னைத் தொட்டிக்குள் நிற்க வைத்துக் கைகாலைக் கழுவினார்கள். பாண்டியண்ணனின் லுங்கிக்கு மாறினேன். என் சட்டை பேன்ட்டும் தொட்டிக்குள் போயின. தார்ப்பாயை நாலு மூலையும் பிடித்துத் தூக்கி உள்ளே கழுவினோம். வெட்கம் பிடுங்கித் தின்ன, அடிபம்பிலிருந்து பதினான்கு குடம் தண்ணீர் சுமந்தேன். மறுபடி அரித்து முடிக்க மூன்று மணி நேரமாயிற்று. பிறகு பாதரசம் விட்டுத் தூளைத் திரட்டி, என்னைப் புகை அடிக்காத பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, திறந்த வெளியில் ஊதி உருக்கினார் அண்ணன். ஒரு தங்கமணி வந்தது, சின்னப் பட்டாணி அளவில். அதை அக்காவின் காதோரம் வைத்துப் பார்த்தார்.

"ஒரு காதுக்கு ஆச்சு."

"இன்னொரு காது அந்த மூட்டையில கெடக்கு," என்றார் அக்கா. கிளம்பும்போது என் கைகளை மறுபடி தொட்டியில் தேய்த்துக் கழுவிவிட்டார். அவர் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் அப்படித்தானாம்.

5.10 படகு. ஈரப் பேன்ட், மாலை வெயில், காயல் மொத்தமும் உருக்கி ஊற்றியதுபோல் மஞ்சள். மனம் பழையபடி மிதக்கத் தொடங்கியது. அப்போதுதான் என் சுண்டுவிரலில், நான் வளர்த்து வைத்திருக்கும் நகத்தின் இடுக்கில், ஒரு பொட்டு மின்னியது.

அந்தப் படங்களின் முடிவில் தங்கமெல்லாம் காற்றோடு போய்விடும். ஆனால் நாயகனின் சேணப்பையில் எப்படியோ ஒரு துண்டு மிச்சமிருக்கும். அவன் சிரித்துக்கொண்டே அஸ்தமனத்துக்குள் குதிரையை விடுவான், நாங்கள் விசிலடிப்போம். அது யாருடைய துண்டு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எர்ணாகுளத்தில் இறங்கி, அடுத்த படகிலேயே திரும்பினேன். இன்னொரு ஆறு ரூபாய், இன்னொரு ஆட்டோ. என் ரயில் போயே போச்சு. ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றவனைப் பார்த்து அக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காதிலிருந்த வேப்பங்குச்சியை உருவி, என் நகத்தைத் தொட்டிக்கு மேல் பிடித்துச் சுரண்டினார். பொட்டு தண்ணீரில் விழுந்தது. குச்சியைத் துடைத்துக் காதில் செருகிக்கொண்டார். "இப்பப் போங்க தம்பி. இப்பத்தான் சரியா இருக்கு."

போக நினைப்பவர்களுக்கு: யாராவது தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், அது அவர்கள் வீடு, வேடிக்கை பார்க்கும் இடமல்ல. மாற்றுத் துணி அவசியம். உருக்கும்போது பக்கத்தில் போகாதீர்கள், பாதரசப் புகை பொல்லாதது. திரும்பும் ரயிலை எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தட்டைக் கையில் கொடுத்தால், தொட்டிக்குள்ளேயே வைத்துப் பாருங்கள்.

முக்கியமாக, நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள். நான் வெட்டிவிட்டேன்.