அண்ணன் செய்த நட்சத்திர மேப்

எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் அர்ச்சனைக்கு நிற்பதைப் போல எரிச்சலான காரியம் வேறு கிடையாது. மலேசியாவில் ரந்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எஸ்டேட்டை விட்டு செனாவாங் நகரப் பக்கம் குடிபோனவர்களெல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். பூசாரி பெயர் கேட்டால் சொல்வார்கள். நட்சத்திரம் கேட்டால் விழிப்பார்கள். ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்து வீட்டில் இருக்கும் பெரியவர்களை அழைக்க, வரிசை அப்படியே வெயிலில் காயும்.

எனக்குப் பத்து வயதானபோது, இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று கிளம்பினான் என் அண்ணன். பாலிடெக்னிக்கில் கணினி படித்துக்கொண்டிருந்தான். ஜாவா என்கிற கணினி மொழியில் மேப் என்று ஒன்று உண்டு. ஒரு சாவியோடு சேர்த்து ஒரு விவரத்தை உள்ளே போட்டுவைத்தால், பிறகு சாவியைக் கொடுத்த மாத்திரத்தில் விவரம் திரும்பி வரும். அண்ணனுக்குப் பெயர்தான் சாவி, நட்சத்திரம்தான் விவரம். வாட்ஸ்அப்பில் வீடு வீடாகக் கேட்டு எல்லாவற்றையும் ஏற்றினான். அந்த நாட்களில் அவன் அலட்டிய அலட்டலைத் தாங்க முடியவில்லை.

திருவிழாவன்று பூசாரிக்குப் பக்கத்தில் மேசை போட்டு, லேப்டாப்போடு உட்கார்ந்தான். முதலில் வந்த முனியாண்டிக்குக் கேட்டை என்று காட்டியது. அவருக்கே தெரியாததால் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டாவது முனியாண்டிக்கும் கேட்டை. மூன்றாவதாக வந்தவர் லோரி ஓட்டுகிற முனியாண்டி, கோபக்காரர்.

"என்னா தம்பி, தோட்டத்துல உள்ளவன் எல்லாம் ஒரே நேரத்துல பொறந்தானுங்களா? நான் மூலம் லா!" என்று மேசையைத் தட்டினார்.

முனியாண்டி கோயில் உள்ள தோட்டத்தில் ஆண்களில் பாதிப் பேர் முனியாண்டியாகத்தான் இருப்பார்கள் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா? மேப்பில் ஒரு சாவிக்கு ஒரு விவரம்தான் தங்கும். அதே பெயரில் இன்னொருவரைப் போட்டால் முந்தையவர் சத்தமில்லாமல் போய்விடுவார், எச்சரிக்கைகூட வராது. கடைசியாக ஏற்றிய முனியாண்டியின் கேட்டைதான் எல்லாருக்கும் வந்துகொண்டிருந்தது. இந்தச் சாவி ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்க ஒரே ஒரு வரி போதும். இன்று இதே வேலையைச் செய்து சம்பளம் வாங்கும் எனக்கு, அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்து அத்தையின் முறை. அப்பாவின் அக்கா. தன் மகளின் பெயரைச் சொன்னாள். அவளுக்கும் எனக்கும் ஒரே பெயர். அப்பாவையும் அத்தையையும் பெற்றவளின் பெயரை இரண்டு வீட்டிலும் மூத்த பெண்ணுக்கு வைத்துவிட்டார்கள். அத்தை மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில், அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு செனாவாங் தொழிற்சாலைக்கு ஷிஃப்டுக்குப் போனவள் வீடு திரும்பவே இல்லை. அவள் எங்கிருந்தாலும் வந்து சேர வேண்டும் என்பதற்குத்தான் அந்த அர்ச்சனை. பெரியவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

அண்ணன் பெயரைத் தட்டி, பூரம் என்று படித்தான். பூரம் என்னுடைய நட்சத்திரம். பூசாரி சொல்லவும் தொடங்கிவிட்டார்.

"நிப்பாட்டுங்க சாமி!" அத்தை போட்ட சத்தத்தில் மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்தினார். "என் புள்ள ரோகிணி. இந்த ஒன்னுதான் கேக்குறேன். அதையும் வேற ஆளுக்குக் குடுத்துட்டா அவ எப்படி வருவா?"

அண்ணன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவனோ கோளாறைக் கண்டுபிடித்துவிட்ட பரபரப்பில், இனிமேல் அடையாள அட்டையில் இருக்கும் ஐசி எண்தான் சாவி, அது ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது என்று விளக்கவுரை நடத்தினான். வரிசை முனகியது. அவன் அத்தையிடம் மகளின் ஐசி எண்ணைக் கேட்டான்.

அத்தை பையைத் திறக்கவில்லை, போனைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்தபடியே, ஓரிடத்திலும் தடுமாறாமல் முழு எண்ணையும் சொல்லி முடித்தாள். எங்களோடு தமிழ் மட்டுமே பேசும் அத்தை அதை மலாயில் சொன்னாள். பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு ரோகிணிக்கு அர்ச்சனை நடந்தது.

அடுத்து நாங்கள். அண்ணன் என் எண்ணைக் கேட்டான். அம்மாவுக்குத் தெரியவில்லை. கைப்பையைக் கவிழ்த்துச் சீப்பும் தைலமுமாகக் கொட்டித் தேடினாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தைக்கு மட்டும் மனப்பாடமா தெரியுது. ஒனக்கு என் மேல பாசமே இல்ல!"

அம்மா தேடுவதை நிறுத்தினாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முனியாண்டி சாமியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"எனக்குத் தெரியாமயே இருக்கட்டும் சாமி" என்றாள்.

போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு கவுண்டராக நின்று மலாயில் சொல்லிச் சொல்லி அத்தைக்குப் பதிந்துபோன எண் அது என்று எனக்கு யார் சொல்வது? பெற்ற மகளின் எண்ணைக்கூடத் தெரிந்துகொள்ள மாட்டேன் என்கிறாளே என்றுதான் எனக்குப் பட்டது. அன்னதானத்தில் அம்மா பக்கத்தில் உட்காராமல், அத்தையை ஒட்டி உட்கார்ந்தேன். அத்தை தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து எனக்கு வைத்தாள். நான் அம்மாவைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன்.