அய்யனாரைப் பார்த்து நின்ற வண்டி

முழுதாக எரியாத டீசலின் வெள்ளைப் புகைக்கு ஒரு வாடை உண்டு; கண்ணை எரிக்கும், தொண்டையில் தங்கும், பள்ளிச் சீருடையில் ஏறிவிட்டால் மதியச் சாப்பாடு வரைக்கும் இறங்காது. என் பத்து வயதில் எங்கள் வீட்டில் பொழுது விடிந்தது அந்த வாடையோடும், இழுத்து இழுத்துச் சலித்துப்போகும் ஸ்டார்ட்டரின் சத்தத்தோடும்தான். பாயில் கண்ணைத் திறக்காமல் படுத்தபடி, இந்தத் தடவையாவது பிடிக்குமா என்று காத்திருப்பேன்.

குவைத்திலிருந்து திரும்பிய அப்பா, இனி ஊரோடு இருப்பது என்று முடிவுசெய்து, பலர் கைமாறி வந்த ஒரு பிக்கப் வண்டியை வாங்கியிருந்தார். சுற்றுவட்டாரத்துக் கடலை மூட்டைகளைத் திருவரங்குளத்துக்கு ஏற்றிப்போவது தொழில். நேரத்துக்கு வராத வண்டிக்காக யாரும் காத்திருப்பதில்லை; வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். லோடு தவறிய நாட்களில் அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒன்றையே சொல்வார்: "தைக்குள்ள இது சரிப்படலைன்னா வித்துப்புட்டுத் திரும்பப் போயிற வேண்டியதுதான்." அம்மா குழம்பை ஊற்றுவார். பாஸ்போர்ட் பீரோவின் மேல்தட்டில் இருப்பது எனக்குத் தெரியும். வண்டி பிடித்தால் அப்பா இருப்பார், பிடிக்காவிட்டால் போய்விடுவார் என்பது அன்று நான் போட்டுவைத்திருந்த கணக்கு.

எங்கள் வீடு கண்மாய்க்கரையின் அடியில் இருந்தது. கரைமேல் அய்யனார் கோயில். எங்கள் ஊரில் எந்த வண்டியும் சாமிக்கு முதுகைக் காட்டி நிற்காது. அப்பாவும் கரைக்கு ஏறும் சரிவில், வண்டியின் முகம் மேலே பார்க்க நிறுத்தி, பின்சக்கரத்துக்கு "முட்டுக்கல்" கொடுப்பார். அதில் ஒரு வசதியும் இருந்தது: சாவிக்குப் பிடிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு, ரிவர்ஸ் கியரில் பின்னால் உருளவிட்டுப் பிடிக்கவைக்கலாம். பிடித்த பிறகும் நிம்மதி கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை எடுத்தால் என்ஜின் "மிஸ்ஸிங்" அடிக்கும், கதவுகள் நடுங்கும், இரண்டு இருமலோடு நின்றுபோகும். சில நாள் உருண்டும் பிடிக்காமல் சரிவின் அடியில் கிடக்கும். தள்ள வரும் பக்கத்து வீட்டு மாமா, "என்ன மாப்ள, இன்னைக்கும் பிரசவ வலியா?" என்பார். "மொதல்ல தள்ளுங்க மாமா, பேரு அப்பறம் வைக்கலாம்" என்பார் அப்பா. அவர் சிரித்த காலைகள் அவ்வளவுதான்.

திருவரங்குளத்தில் பட்டறை வைத்திருந்த காதர் அப்பாவின் பள்ளித் தோழர். பேட்டரியை மாற்றினார், ஹீட்டர் பிளக்கை மாற்றினார், டீசல் பில்டரை மாற்றினார், நாசில்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார். ஒவ்வொரு முறையும் பட்டறை வாசலில் வண்டி ஒரே சாவியில் பிடித்தது. "பாத்தியா மாப்ள, குதிர கணக்கா நிக்கிது" என்று அனுப்பிவைப்பார். மறுநாள் காலை சரிவில் அதே இழுப்பு, அதே புகை.

மார்கழியில் ஒரு நாள் அவரே வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தார். அம்மா வாசலில் நின்றபடி சொன்னார்: "அண்ணே, அங்கிட்டு நின்னா ஒத்தச் சாவிக்குப் புடிக்கிது, இங்கிட்டு நின்னா மூச்சு வாங்குது. வண்டியப் பாத்தது போதும், நிக்கிற எடத்தப் பாருங்க."

"சாமிய ஏண்டி இழுக்குற?" என்றார் அப்பா.

"சாமிய யாரு சொன்னா? மேட்டச் சொன்னேன்."

காதர் குந்தி உட்கார்ந்து வண்டியின் அடியைப் பார்த்தார். பிறகு டீசல் வரும் வழியில், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் வந்து பார்த்தால், டீசல் நிறைந்திருக்க வேண்டிய டியூப் வெறுமையாக இருந்தது. "பூராவும் டேங்குக்கு எறங்கிருச்சு மாப்ள. எங்கயோ காத்து குடிக்கிது." கிளாம்புக்கு அடியில் ரப்பர் குழாயில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. டீசல் வெளியே கசியாது, காற்று மட்டும் உள்ளே போகும். சமதரையில் அது பெரிதாகத் தெரியவில்லை. முகம் மேலே, டேங்க் கீழே என்று நிறுத்தும்போது மட்டும் டீசல் முழுவதும் பின்னால் இறங்கிவிட்டது. உருட்டிப் பிடிக்கவைக்க வசதி என்று நாங்கள் நம்பிய சரிவே வண்டியைப் பிடிக்கவிடாமல் செய்திருந்தது.

குழாயை மாற்றி, கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றியதும், அதே சரிவில் ஒரே சாவியில் பிடித்தது. காலை எடுத்தும் நிற்கவில்லை. நான் தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். அப்போதும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால், போன லோடு திரும்பி வரவில்லை. மூட்டைக்காரர்கள் வேறு வண்டிகளுக்குப் பழகிவிட்டிருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் ஆவுடையார்கோவிலிலிருந்து வண்டியை வாங்க ஒருவர் வந்தார். முன்பு இரண்டு தடவை வந்து, ஸ்டார்ட்டர் இழுப்பதைக் கேட்டுவிட்டு விலை பேசாமலே திரும்பியவர். இம்முறை சாவியை அவரே வாங்கித் திருகினார். பிடித்தது.

"ஓடுற நேரத்துலதானடி விக்க முடியும்" என்றார் அப்பா.

"அப்ப, ஓடாமயே கெடந்திருக்கலாம்" என்றார் அம்மா.

தை பிறப்பதற்குள் அப்பா குவைத்துக்குப் போய்விட்டார்.

இப்போது அந்தச் சரிவில் சிமெண்டு ரோடு போட்டிருக்கிறார்கள். முட்டுக்கல் இல்லை, வெள்ளைப் புகை இல்லை, தள்ளுவதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வண்டிகள் இன்னும் அய்யனாரைப் பார்த்துத்தான் நிற்கின்றன. ஊருக்குப் போகும் நாட்களில், விடியற்காலையில் ஏதாவது ஒன்று முதல் சாவியிலேயே பிடிக்கும் சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறேன். யார் வீட்டிலிருந்து யார் கிளம்புகிறார்கள் என்று தெரியும்வரை மறுபடி தூக்கம் வருவதில்லை.